ஜாமீனுக்குப் பத்து நாள்

என் நாட்குறிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் மழை அளவு, மோட்டார் ஓடிய நேரம், வேலைக்கு வந்தவர்கள் எண்ணிக்கை ஆகியவை இருக்கும். அந்த இரண்டரை மாதம் மட்டும் இன்னோர் எண்ணும் சேர்ந்தது. அவர் சிறைக்குப் போய் எத்தனையாவது நாள் என்பது.

அவர் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரர். ஆண்டுதோறும் மனைவியோடு இறங்கி வந்து, சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள என் நிலத்தில் மரவள்ளி பிடுங்குவார். பேருந்தில் அவர் காலடியில் இருந்த பையில் மூன்று கிலோ கஞ்சா இருந்தது என்பது வழக்கு. அது அவருடையதா, யாராவது கொடுத்தனுப்பியதா, எனக்குத் தெரியாது.

வக்கீல் விளக்கினார். ஒரு கிலோ வரை சிறு அளவு. இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, அதில் குற்றப்பத்திரிகை போடப் போலீசுக்கு நூற்றெண்பது நாள். இது இரண்டுக்கும் நடுவில். அறுபது நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் கேட்பது அவர் உரிமை. அன்றே எண்ணத் தொடங்கினேன். அறுபத்தோராம் நாள் காலையில் மனு போட்டோம். மறுநாள் உத்தரவு கிடைத்தது. தலா பத்தாயிரம் ரூபாய்க்கு இரண்டு பேர் ஜாமீன் தர வேண்டும், அதில் ஒருவர் இரத்த உறவு, பத்து நாள் கெடு.

ஒருவர் நான். மற்றவர் அவருடைய அண்ணன். வேறு உடன்பிறப்பு கிடையாது. ஆதார், வீட்டு வரி ரசீது, இரண்டு போட்டோ என்று அவரிடம் போனில் இரண்டு முறை சொன்னேன். "எல்லாம் கீதுங்க" என்றார்.

கெடுவின் மூன்றாம் நாள் நீதிமன்ற வராந்தாவில், சிறையில் இருப்பவரின் மனைவி முந்தானை முடிச்சை அவிழ்த்தார்.

"இருபதாயிரம் கீதுண்ணே. கட்டிடுங்க."

"பணம் கட்டத் தேவையில்லம்மா. அவரு ஓடிப்போனா நாங்க தர்றோம்னு கையெழுத்து போடறதுதான்."

"அப்ப மாட்ட இன்னாத்துக்கு வித்தேன்?"

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

நீதிமன்ற எழுத்தர் என் தாள்களைப் பார்த்து ஒதுக்கி வைத்தார். அண்ணனின் ரசீதில் நின்றார்.

"இது யாரு பேரு?"

"எங்கப்பாரு."

"அப்ப அவரக் கூட்டினு வாங்க."

"அவரு செத்து பதினோரு வருசமாவுதுங்க. ஆனா வரிய மட்டும் தவறாம கட்டிக்கினு இருக்காரு."

எழுத்தர் சிரித்தார், நானும் சிரித்துவிட்டேன். பிறகு தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒரே வீடு, நடுவில் ஒரு சுவர், இரண்டு மகன்கள். தாய் உயிரோடு இருக்கும்போது ரசீதில் பெயர் மாற்றினால் பாகம் கேட்டதாக ஆகிவிடும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் அதைத் தொடவில்லை. தாய் பெயரிலும் எந்த ரசீதும் இல்லை. ரசீது இருக்கிறதா என்று கேட்ட நான், யார் பெயரில் என்று கேட்கவில்லை.

நான்காம் நாள் அண்ணனோடு மலையேறினேன். பெயர் மாற்ற ஊராட்சி அலுவலகத்தில் இறப்புச் சான்று கேட்டார்கள். சாவைப் பதியவே இல்லை. ஓராண்டு தாண்டிவிட்டதால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும், ஒரு மாதமாவது ஆகும் என்றார்கள். ஐந்தாம் நாள் கூடுதல் அவகாசம் கேட்டு வக்கீல் மனு போட்டார். எட்டாம் நாள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. பத்தாம் நாள் எங்கள் மனு தள்ளுபடியானது.

"ஜாமீன் கட்டறதுக்குள்ள குற்றப்பத்திரிகை வந்துட்டதால அந்த உரிமை போச்சு. இனிமே சாதாரண ஜாமீன் மனுதாங்க. அதுக்கு நாள் கணக்கெல்லாம் கெடையாது" என்றார் வக்கீல்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் கேட்டார்.

"நாளைக்கு அவரப் பாக்கப் போறேண்ணே. இன்னும் எத்தினி நாளுன்னு கேப்பாரு. நீங்கதான எண்ணிக்கினு இருந்தீங்க? இன்னா சொல்லட்டும்?"

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். எழுபத்திரண்டு என்று இருந்தது. அது கழிந்த நாள்.

"தெரியலம்மா."



"மாடு வித்த காசுல ஒரு கன்னு புடிச்சிருக்கேன். அத்தச் சொல்றேன். கொஞ்ச நேரம் அதப் பத்திக் கேட்டுக்கினு இருப்பாரு."

வெள்ளிமலை பேருந்து வந்தது. அவருக்கு உட்கார இடம் கிடைத்ததா என்று பார்த்துவிட்டு நான் சங்கராபுரம் பேருந்துக்குப் போனேன்.