ஆறு கைக்காரிக்கு எழுதிய கண்

ஒரு ஈயப் பொம்மைக்காகச் சண்டை போட்டு, நல்ல விளையாட்டைக் கெடுத்தவன் என்று என் மனைவி வீட்டில் இன்றைக்கும் என்னைச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கெடுத்தது நான்தான். எதற்காகக் கெடுத்தேன் என்று ஒருவராவது கேட்டார்களா என்றால் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எழுத்தில் கோபம் தெரிந்தால் தெரியட்டும்.

அப்போது, பிழைக்க வந்த மலையாள ஊரில், சாலைக் கடைத்தெருவில் ஒரு பெயின்ட் கடையில் வேலைக்கு நின்றுகொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். என் மனைவியின் தம்பி கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். அவனோடு வேலை செய்த மலையாளி நண்பன் ஒருவன், கம்பெனி காரியமாக வெளிநாடு போய்த் திரும்பும்போது ஒரு விளையாட்டு வாங்கி வந்தான். தலையணை கனத்தில் ஒரு விதிப் புத்தகம். இருபது முகம் உள்ள பகடை. கட்டைவிரல் உயரத்தில், வர்ணம் பூசாத ஈயப் பொம்மைகள் ஒரு பெட்டி.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு மேசையில் நாலு பேர் உட்காருவோம். மச்சினன் கதை சொல்லுவான். 'முன்னால ஒரு குகை, உள்ளே வெளிச்சம் தெரியுது, என்ன செய்யப் போறீங்க' என்பான். ஆளுக்கு ஒரு வேஷம் உண்டு, அந்த வேஷத்தில் இருந்து பதில் சொல்ல வேண்டும். சொன்னது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலிக்கும். அவ்வளவுதான் விளையாட்டு. நண்பன் வாள்வீரன். என் மனைவி திருடி. விளக்கேற்றாமல் காபி குடிக்காத பெண்பிள்ளை, பூட்டை உடைக்கவும் பின்னால் போய்க் குத்தவும் இவ்வளவு ஆசைப்படுவாள் என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. நான் பூசாரி. காயம் பட்டவர்களைச் சாமியை வேண்டி எழுப்புகிற வேலை.

முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. "என் ஆள் சும்மா நிப்பான்" என்றேன்.

மச்சினன் விடவில்லை. "அத்தான், என் ஆள்னு சொல்லாதீங்க. நான்னு சொல்லுங்க. உங்களுக்கு நெசமாவே பக்தி உண்டுல்லா, அத அப்படியே இங்க கொண்டு வாங்க. பூசாரி எதைச் செய்வான், எதைச் செத்தாலும் செய்ய மாட்டான், அது உங்களுக்குத் தெரியணும். அப்பத்தான் விளையாட்டுல உயிர் இருக்கும்."

நான் நம்பினேன். ஒரு வருடம் அப்படியே விளையாடினேன். என் பூசாரி கதையில் வருகிற சத்திரத்தில் மாமிசம் தொட மாட்டான். கும்பிடாமல் சண்டைக்கு இறங்க மாட்டான். "சேட்டன் வந்தா பகடைக்கே ஒரு பயம் உண்டு கேட்டோ" என்று நண்பன் கேலி செய்வான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டுவது என் பங்கு. கடை பெயின்டை அப்படியே பூசினால் மூக்கும் விரலும் மொழுமொழுவென்று மூடிப்போகும். தின்னர் விட்டு நீராக்கி, சோடா மூடியில் குழைத்து, மூன்று தடவை மெல்லிசாகப் பூச வேண்டும். காய்ந்தபின் கறுப்பைத் தண்ணீர் மாதிரிக் கரைத்து மேலே ஓடவிட்டுத் துணியால் ஒற்றி எடுத்தால், சேலை மடிப்பும் தாடி மயிரும் தனித்தனியாக எழும்பி நிற்கும். காலி மாத்திரைக் குப்பியின் மேல் பொம்மையை ஒட்டி வைத்துக்கொண்டால் கை படாது. இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. பத்துப் பொம்மையைப் பாழாக்கிக் கற்றுக்கொண்டது.

ஒரு நாள் நண்பன் டிஷ்யூவில் சுற்றி ஒரு பொம்மையைத் தந்தான். "சேட்டா, இது ஸ்பெஷல். நல்லா செய்யணம்" என்றான். யார் என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தப்பு அங்கேதான். பிரித்துப் பார்த்தேன். பெண் உருவம். ஆறு கை, ஆறிலும் வாள். இடுப்புக்குக் கீழே சுருண்டு கிடக்கிற பாம்பு. தெருவுக்குத் தெரு நாகர் கல் இருக்கிற ஊர் இது. இந்த ஊரில் ஆறு கையும் வாளும் நாக உடம்புமாக ஒருத்தியைப் பார்த்தால் என்னைப் போன்றவனுக்கு என்ன தோன்றும்? பகவதி என்றுதான் தோன்றியது. அரக்கு நிறத்தில் உடம்பும், மஞ்சள் குழைத்த பொன் நிறத்தில் நகையும், நெற்றியில் ஊசி முனையால் ஒரு குங்குமப் பொட்டும் வைத்தேன். மூன்று வாரம் ஆயிற்று.

கண் மட்டும் பாக்கி. தென்காசிப் பக்கம் எங்கள் ஆட்கள் அம்மன் கொடை விழாவுக்கு மண் உருவத்துக்கு வர்ணம் தீட்டுகிறவர்கள். மற்ற வேலையை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கண்ணைக் கடைசியில்தான் எழுத வேண்டும், அதுவும் குளித்து, விளக்கேற்றி, வெறும் வயிற்றில். எழுதின பிறகு அது பொம்மை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பழவங்காடிக் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, விளக்கின் முன்னால் உட்கார்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு புள்ளி வைத்தேன். அவள் பார்த்தாள். அதற்கு மேல் அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கப் பூஜை அறையில் வைத்திருந்தேன். பிறகு, கதையிலும் அவள் சாமியாகத்தான் வருவாள் என்று நினைத்து, வந்து கேட்ட மச்சினனிடம் கொடுத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதையில் நாங்கள் ஒரு பாதாள மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மச்சினன் அவளை எடுத்து மேசை நடுவில் வைத்தான். "இவ நரகத்துப் படைத் தலைவி. இவளைக் கொன்னாத்தான் வெளியே போக வழி" என்றான்.

"யாரை?" என்றேன்.

"இவளைத்தான் அத்தான்."

நண்பன் பகடையைக் கையில் எடுத்தாயிற்று. நான் மேசையில் கையை வைத்து மறித்தேன். "நான் அடிக்க மாட்டேன். நீங்களும் அடிக்கக் கூடாது. இவளுக்குக் கண் திறந்தாச்சு."

மூன்று பேரும் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்தார்கள். மச்சினன் கேட்டான்: "சரி, பூசாரி என்ன செய்றார்?"

"அவளுக்கு முன்னால நிக்கறேன்."

"அப்போ சேட்டனையும் வெட்டணம் அல்லே" என்று நண்பன் பகடையை உருட்டினான். பதினேழு. என் மனைவி, "நான் பின்னால சுத்தி வந்து அவ முதுகுல குத்தறேன்" என்று எடுத்து உருட்டினாள். பதினெட்டோ பத்தொன்பதோ. என் பூசாரியும் விழுந்தான், அவளும் விழுந்தாள். மேசை நடுவில் நின்ற அவளை நண்பன் ஒரு விரலால் தட்டிச் சாய்த்தான்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அவளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பணி சூப்பர். நிறம் மாத்ரம் தப்பு. புஸ்தகத்துல இவ பச்சை. தின்னர்ல ஒரு ராத்திரி இட்டா எல்லாம் இளகிப்போகும். சேட்டன்டெ கடையில தின்னர் உண்டல்லோ" என்றான்.

கண் திறந்தவளை டப்பாவில் போட்டு உரிப்பதற்கு என்னிடமே தின்னர் கேட்கிறான். அவன் கையிலிருந்து அவளைப் பிடுங்கினேன். பூஜை அறையில் வைத்துக் கதவைச் சாத்தினேன்.

மச்சினன் பின்னாலேயே வந்தான். "அத்தான், அது அவன் சாமான். நாளைக்கு ஆபீஸ்ல அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன். விளையாட்டை இவ்வளவு சீரியஸா எடுக்கலாமா?"

சீரியஸாக எடுங்கள் என்று ஒரு வருடம் சொல்லிக் கொடுத்தது இவன்தானே. நெசமான பக்தியைக் கொண்டு வா என்றார்கள். மாமிசம் தொடாததோடு நின்ற வரைக்கும் அது அவர்களுக்கு ரசமாக இருந்தது. அதே பக்தி அவர்கள் பகடைக்குக் குறுக்கே நின்றபோது, எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். என்ன நியாயம் இது.

அவர்கள் போனபின் என் மனைவியும் தொடங்கினாள். "நீங்க குளிச்சுட்டு ரெண்டு புள்ளி வச்சா ஈயம் சாமியாயிருமா? அப்படின்னா நம்ம கதவுலயும் வச்சுப் பாருங்க."

"ஆயுத பூஜைக்குக் கடைத் தராசுக்குப் பொட்டு வைக்கறோம்ல. பொட்டு வச்ச அன்னிக்கு அதுல ஆணி நிறுக்கறாங்களா? அன்னிக்கு அது தராசா, சாமியா?"

"மறுநாள் நிறுக்கறாங்கல்லா" என்றாள்.

கோபத்தோடு படுத்தேன், கோபத்தோடு எழுந்தேன். ஆனால் பூஜை அறையில் இருப்பது அடுத்தவன் பொருள். அதை வைத்துக்கொண்டு அதற்கு முன்னாலேயே நின்று கும்பிட்டால், கும்பிடுகிறவன் திருடன். கொடுத்தால் அவள் கண்ணோடு தின்னருக்குள் போவாள். ஐந்து நாள் பூஜை அறைக் கதவைத் திறப்பதும் சாத்துவதுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை குளித்து விளக்கேற்றினேன். "தாயே, யாருன்னு கேக்காம கூப்பிட்டுட்டேன், பொறுத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டேன். அதே பிரஷ்ஷால், அதே அரக்கு நிறத்தைத் தொட்டு, இரண்டு கண்ணையும் பூசி மூடினேன். கண் போனால் அது மறுபடி ஈயம்தான். அப்படி ஒரு காரியத்தை என்னைச் செய்ய வைத்தவர்களை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். பொம்மையை நண்பனிடம் நீட்டினேன். "இனி உங்க பொருள். பச்சை அடிங்க, என்ன வேணும்னாலும் செய்ங்க."

அவன் முகம் வாடியது. "சாரி சேட்டா. இத்தர சங்கடம் ஆகும்னு அறிஞ்சில்ல" என்றான். அவன் கெட்டவன் இல்லை. அதோடு விட்டிருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

மச்சினன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன்னால் வைத்தான். "பழைய பூசாரி செத்ததுக்குத்தானே அத்தானுக்கு வருத்தம். புதுசா ஒருத்தனை எழுதிக் கொண்டு வந்திருக்கேன். பழையவனைவிட ரெண்டு மடங்கு பலசாலி" என்றான்.

வாசித்துப் பார்த்தேன். வயது, உயரம், பலம், எத்தனை அடி தாங்குவான் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில், எந்தக் கடவுள் என்ற இடத்தில், அந்தப் புத்தகத்திலிருந்து ஒரு பெயரை எடுத்துப் பென்சிலால் அவனே எழுதி வைத்திருந்தான். எனக்குச் சிரமம் வேண்டாம் என்று நினைத்திருப்பான்.

"மேசையைக் காலி பண்ணுங்க" என்றேன்.

"அத்தான், சாமி பேரு பென்சில்தானே, அழிச்சுக்கலாம்" என்றான்.

நான் மறுபடியும் அதையே சொன்னேன். புத்தகத்தையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். என் மனைவி அவர்களை வாசல் வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, என்னைப் பார்க்காமலேயே உள்ளே போனாள்.