பிஜூவுக்குப் பூசிய எண்ணெய்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். வரிசை இல்லாமல் எனக்கு எதுவும் சொல்ல வராது.

1. போன ஞாயிறு இரவு, அப்பா புதிதாக வளர்க்கும் நாய்க்குட்டி சொறிந்து சொறிந்து எங்களை நான்கு முறை எழுப்பியது.
2. காலையில் அப்பா, "உங்க ஒர்க்‌ஷாப்புல மிஷின் எண்ணெ இருக்கும்ல? கொஞ்சம் கொண்டாயேன். பிஜூவுக்கு அன்னிக்கு நல்லா கேட்டுச்சு" என்றார்.
3. கொண்டுவருகிறேன் என்றேன்.
4. உழவர்கரையில் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் டின்னைத் திறந்தேன். வாசனை வந்தது. மூடிவிட்டேன்.

அந்த வாசனை உங்களுக்குத் தெரிந்திருக்காது. மண்ணெண்ணெய் அளவுக்குக் காட்டமில்லை. எனக்கு அது அப்பாவின் வாசனை. மில்லில் நூற்பு மிஷின்களுக்கு எண்ணெய் போடுவது அப்போது அவர் வேலை. எத்தனை சோப்பு போட்டாலும் நகக்கண்ணில் நிற்கும். என் சோற்று டப்பாவில்கூட அந்த வாசனை வருகிறது என்று பள்ளியில் ஒருத்தி சொன்னாள். ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. அவள் சொன்னது உண்மைதான்.

எழுபதுகளின் கடைசி. எனக்குப் பன்னிரண்டு வயது. மில்காரர்கள் குடியிருந்த சந்தில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு, தகரக் கதவு. வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். சந்தில் திரிந்த நாய்க்கு பிஜூ என்று பெயர் வைத்து எங்கள் வாசலில் விட்டது அவர்தான். பிரெஞ்சில் நகை என்று அர்த்தமாம். அந்த வருஷ மழைக்காலத்தில் நகைக்குச் சொறி பிடித்தது.

பிஜூ கதவில் சாய்ந்துதான் படுக்கும். சொறியும்போது பின்னங்கால் தகரத்தில் அடிக்கும். வேறு இடத்தில் கட்டினால் ஊளையிடும். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீடு. அவர் மனைவி சுபைதா அக்கா குழாயடியில் அம்மாவிடம் கேட்டார்: "உங்க நாய் ராத்திரியில தையல் மிஷின் ஓட்டுதா இன்னா? எங்க வூட்டு மிஷினே பத்து மணிக்கு நின்னுடுது." அம்மா அங்கே சிரித்தாள். வீட்டுக்குள் வந்து சிரிக்கவில்லை.

காரணம் அப்பா. அவருக்குக் காலை ஷிப்ட். விடியுமுன் மில் சங்கு ஊதும். இரவெல்லாம் தூங்காதவர், ஓடுகிற மிஷின் நடுவே கையை விட்டு எண்ணெய் போட வேண்டும். அவரோடு வேலை செய்த ஒருவர் கண் அசந்து இரண்டு விரல்களை இழந்திருந்தார். ஒரு நாள் அப்பாவின் சட்டைக் கை கிழிந்து வந்தது. மிஷின் இழுத்துவிட்டது. அன்று சோற்றில் கை வைத்தபடியே சொன்னார்: "ஞாயித்துக்கெழம வரிக்கும் பாக்கறேன். அப்புறம் அரியாங்குப்பம் ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துடுவேன்."

வேப்பிலை வெந்நீர், தேங்காயெண்ணெயில் குழைத்த மஞ்சள், தகரத்துக்கும் நாய்க்கும் நடுவே கோணிப்பை என்று எல்லாம் செய்து பார்த்தேன். ஒன்றுதான் கேட்டது. காதுக்குப் பின்னால் கையை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கால் ஆரம்பித்துவிடும். மில்லில் மூன்று ஷிப்ட் என்றால் எங்கள் வீட்டில் இரண்டு. முதல் பாதி நான், அப்புறம் அம்மா. பகலில் வகுப்பில் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை அப்பா சாப்பாட்டுக் கேரியரின் அடித்தட்டில், எண்ணெயில் ஊறிய பஞ்சுக் கழிவு கொண்டுவந்தார். மிஷின் துடைக்கிற பஞ்சு. எங்கள் சந்தில் நாய்ச் சொறிக்கு அதைத்தான் தடவுவார்கள். மில் கேட்டில் சோதனை உண்டு, பிடிபட்டால் வேலை போகும். ஆற்றுக்கு அப்பால் விடுவேன் என்றவர்தான் அதைக் கொண்டுவந்தார். "புண்ணு மேல மட்டும் தொட்டு வை பாப்பா. ஒடம்பு பூரா பூசாத" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற பிள்ளை இல்லை. காதிலிருந்து வால் வரை, வயிறு, தொடை இடுக்கு, விரல் இடுக்கு எல்லாம் பூசினேன். மறுநாள் மிச்சத்தையும் பூசினேன். பிஜூ நக்கிக்கொண்டே இருந்தது. சொறிவதற்கு நக்குவது தேவலை என்று நினைத்தேன்.

ஞாயிறு இரவு தகரம் அடிக்கவில்லை. எல்லோரும் தூங்கினோம். சங்கு கேட்டு எழுந்ததும் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், எத்தனை முறை எழுப்பியது என்று நான் தினமும் குறித்துவந்த இடத்தில், பூஜ்யம் போட்டேன். அப்பா இருட்டில் பிஜூவைத் தாண்டிப் போனார். "நல்லா தூங்குது பாரு" என்றார்.

வெளிச்சம் வந்து பார்த்தபோது அது தூங்கவில்லை. வாயில் நுரை, பக்கத்தில் எண்ணெயாக வாந்தி. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நான் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் அதுவும் நின்றது.

அம்மாவும் நானும் வாய்க்கால் ஓரம் புதைத்தோம். கையைக் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "லாரில அடிபட்டுடுச்சுன்னு அப்பாகிட்ட சொல்லிக்கறேன். நீ ஒண்ணும் பேசாத." யாருக்காக அந்தப் பொய் என்று நான் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்த அப்பா, கேரியரைக் கையில் வைத்தபடி வாசலிலேயே நின்றார். "கடைசியா ஒரு நாளாவது அரிப்பு இல்லாம இருந்துச்சே" என்றார்.

அந்தச் சந்தில் இப்போது எங்கள் வீடு இல்லை. ஆள் குறைத்தபோது அப்பா மில்லிலிருந்து வந்துவிட்டார். சங்கு இந்தப் பக்கம் கேட்பதில்லை. தையல்காரர் குடும்பம் எங்கே போனது என்று தெரியவில்லை. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. லாரி பொய் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

திங்கள் மாலை வீட்டுக்கு வந்து, எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றேன். "பரவால்ல, மெக்கானிக் ஷெட்டுல கேட்டுப் பாக்கறேன்" என்று அப்பா செருப்பை மாட்டினார். அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

"பிஜூ லாரில சாவலப்பா. அந்த எண்ணெயாலதான்."

செருப்போடு உட்கார்ந்துவிட்டார். ஒன்றே ஒன்று கேட்டார்: "நான் கொண்டாந்ததா?"

ஆமாம் என்றேன்.

இப்போது கால்நடை டாக்டர் கொடுத்த மருந்தைப் போடுகிறோம். குட்டிக்கு அரிப்பு குறைந்து வருகிறது, இரவில் தூங்குகிறது. அப்பா தூங்குவதில்லை. அதன் காதுக்குப் பின்னால் கையை வைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். புண் மேல் மட்டும் தொட்டு வைக்கச் சொன்னது அவருக்கு ஞாபகமில்லை. நான் இன்னும் ஞாபகப்படுத்தவில்லை.