பெறுநர் யார்?

செங்கம் ரோட்டுல ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில, மாடியில என் ரூம். அங்க அலமாரியில ஒரு பழைய கம்ப்யூட்டர். பெரிய கம்பெனிக்காரன் தயவெல்லாம் வேணாம், நம்ம ஊர் ஜனங்க பேசிக்க நாமே ஒரு தளம் வெச்சுக்கலாம்னு நான் ஓட்டற சர்வர் அதுதான். உலகம் பூரா இப்படி ஆளுக்கொரு சர்வர் வெச்சிருக்காங்க, எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கும். இங்க எழுதினது ஜெர்மனியில இருக்கிற சர்வர்லயும் தெரியும். தலைமை ஆபீஸ்னு ஒண்ணு கிடையாது. எனக்கு மேல யாருமே இல்லைங்கன்னு, கேக்காதவங்ககிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன்.

எங்களுக்கு ஒரே ஒரு சட்டம். யார் எழுதினதைத் தளத்துல இருந்து எடுக்கறதா இருந்தாலும், அவரோட நேர்ல உக்காந்து ஒரு டீ குடிச்சுப் பேசின பிறகுதான் எடுக்கணும். பத்து நிமிஷத்துல யாரையும் போய்ப் பாத்துடற ஊர்ல இது நல்லாவே ஓடிச்சு. ஒரு ஆட்டோக்காரருக்கும் காபி கடைக்காரருக்கும் நடந்த பெரிய சண்டை ரெண்டு டீயில முடிஞ்சிருக்கு.

ஒரு தடவை ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து போன் வந்துது. சாக்கடை அடைச்சுக்கிட்டதைப் பத்தி ஒருத்தர் போட்ட போட்டோவை எடுக்கணுமாம். "எழுத்துல குடுங்க சார்"னேன். எழுத்து வரவே இல்லை. இதை எடு அதை எடுன்னு சொல்ற அதிகாரத்தை சர்க்கார் கையில குடுத்தா, முதல்ல காணாமப் போறது சாக்கடை போட்டோதான். இன்னிக்கும் அதே நினைப்புதான் எனக்கு.

ரெண்டு சந்து தள்ளி, வீட்டு முன் ரூம்ல மெஸ் நடத்தற அக்கா ஒருநாள் மூச்சு வாங்க மாடியேறி வந்தாங்க. அவங்க சாம்பார்ல கரப்பான் பூச்சி கிடந்துதுன்னு எங்க தளத்துல ஒருத்தர் எழுதியிருந்தார். வெளியூர் ஆளுங்க எங்க சாப்பிடலாம்னு பாக்கறதே அங்கதான். ரெண்டு நாளா மெஸ்ல கூட்டம் ரொம்பக் கம்மி.

"அவர் சொல்ற அன்னிக்கு நான் கீழ்பென்னாத்தூர்ல கல்யாணத்துல இருந்தேன் தம்பி. மெஸ் பூட்டியிருந்துது."

எனக்கே தெரியும். அன்னிக்குப் பசியோட போய்ப் பூட்டைப் பாத்துட்டுத் திரும்பினவன் நான்.

"சரிதான்கா. ஆனா அவரோட பேசாம எடுக்க முடியாது. சட்டம்னா சட்டம்"னேன். எவ்ளோ திமிர் பாருங்க!

எழுதினவர் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்லதான் இருந்தார். போய்ப் பாத்தா, கழுத்துல 'மௌனம்'னு ஒரு அட்டை. பத்து நாள் விரதமாம். டீயை வாங்கிக் குடிச்சார், சிரிச்சார். பேப்பரும் பேனாவும் நீட்டினேன், எழுதவும் மாட்டேன்னு தலையை ஆட்டினார். பேசின பிறகுதானே எடுக்கணும், சட்டம் அதுதானே? நானும் பத்து நாள் காத்திருந்தேன்.

பதினோராம் நாள் அவர் வாயைத் திறந்ததும், "அடடா, அது வேற மெஸ்ஸாச்சே!"ன்னார். உடனே எடுத்துட்டேன். அதுக்குள்ள வேற சர்வருங்கள்ல அது பரவிடுச்சு. ஒவ்வொருத்தருக்கா எழுதினேன். ஒருத்தர் எடுத்தார். ஒருத்தர் "எது நிஜம்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டார். மத்தவங்ககிட்ட இருந்து பதிலே இல்லை.

அடுத்த திங்கக்கிழமை அக்கா, மிச்ச இடத்துல இருக்கறதையும் எடுக்கச் சொல்லி மனு எழுதிக்கிட்டு வேங்கிக்கால் போய் கலெக்டர் ஆபீஸ் மனு வரிசையில நின்னுட்டு, மனுவோடவே என் ரூமுக்கு வந்துட்டாங்க.

"எந்தக் கம்பெனி, என்ன அட்ரஸ்னு கேக்கறாங்க தம்பி. அப்படி ஒண்ணும் கிடையாதுன்னுதானே நீங்க சொன்னீங்க?"

மனுவை என் மேஜை மேல விரிச்சாங்க. 'பெறுநர்'க்குக் கீழ இருந்த 'மாவட்ட ஆட்சியர்'ங்கறதைப் பேனாவால அடிச்சாங்க. கோவமே இல்லாம, நிஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க.

"உங்களுக்கு மேல யாரு தம்பி?"

இத்தனை நாளா பெருமையா சொல்லிட்டிருந்த பதிலை இப்ப சொல்ல வெக்கமா இருந்துது. "என் பேரையே எழுதுங்கக்கா"ன்னேன். எழுதி நீட்டினாங்க. ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டேன்.

"எப்ப வந்து பாக்கறது?"

"ஒரு வாரம் கழிச்சு வாங்கக்கா"ன்னேன்.

சரின்னு தலையை ஆட்டிட்டுப் படியிறங்கினாங்க. எந்த ஆபீஸ்ல சொல்ற பதில் இதுன்னு, சொன்னப்புறம்தான் எனக்கு உறைச்சுது.