ஸ்டிக்கருக்கு அடியில் ஒரு சுவிட்ச்

கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வோல்ட்டேஜை ஒரு சொஃப்ட்வெயாரில் இருந்தபடியே கூட்டலாம், குறைக்கலாம் என்று தெரிந்த நாளில் இருந்து எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. திரையில் ஒரு கோடுதான். மவுஸால் பிடித்து மேலே இழுத்தால் கார்டு வேகமெடுக்கும், கொதிக்கும். அளவறிந்து கீழே இழுத்தால் வேகம் அவ்வளவாகக் குறையாமல் குளிரும், காற்றாடிச் சத்தமும் அடங்கும். ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வீட்டு அறை மத்தியானத்தில் அவிந்துபோகும். அதனால் கூட்டுவதைவிடக் குறைப்பதில்தான் எனக்கு ஆர்வம் வந்தது.

கார்டை வாங்கியது கிண்ணியாவில், பாலம் தாண்டி, பாவித்த கொம்பியூட்டர் சாமான் விற்கும், நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் அண்ணரின் கடையில். புதுக் கார்டின் விலை எனக்குக் கட்டாது.

"ஆர் பாவிச்சது நானா?" என்று கேட்டேன்.

"கல்யாண வீடியோ எடிட் பண்ற ஒரு பொடியன். பூப்போல வச்சிருந்தான்."

பாவித்த கார்டு எல்லாமே கல்யாண வீடியோவில் இருந்துதான் வருகின்றன. இணையத்தில் கிரிப்டோ நாணயம் தோண்டுகிறேன் என்று மாதக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓட்டிக் களைக்க வைத்த கார்டு ஒன்றாவது தன்னிடம் வந்ததாக எந்தக் கடைக்காரரும் இதுவரை சொன்னதில்லை. நானாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"ஒரு கிழமை செக்கிங் வாரண்டி," என்றார். "வாற சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும். பிரச்சினை எண்டா கொண்டு வாங்க, கேள்வியில்லாமத் திருப்பி எடுப்பன். ஸ்டிக்கர் கிழிஞ்சிருந்தா மட்டும் கதைக்க வராதீங்க." கடையின் முத்திரை போட்ட சின்ன வெள்ளி ஸ்டிக்கரைக் கார்டின் விளிம்பில் வைத்துப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தார். "ஓவர்கிளாக் கிவர்கிளாக் எண்டு வேகம் கூட்டிற வேலை ஒண்டும் பண்ணப்படாது."

"வோல்ட்டேஜைக் குறைக்கலாமோ?"

"கூட்டினாலும் குறைச்சாலும் கை வச்சது கை வச்சதுதான் தங்கச்சி."

தலையாட்டிவிட்டு வந்தேன். பாலத்தில் பஸ் ஏறும்போதே எந்தச் சொஃப்ட்வெயாரை இறக்குவது என்று போனில் தேடிக்கொண்டிருந்தேன்.

அவசரம் ஒன்று இருந்தது. கொழும்பில் கட்டிட வரைபடம் செய்யும் ஒரு கொம்பனி எனக்கு ஒரு பரீட்சை வேலை தந்திருந்தது. இன்னும் கட்டப்படாத ஒரு ஹோட்டலின் முன்கூடத்துக்குள் நடந்து போவது போல ஒரு சின்ன வீடியோ செய்து, அடுத்த திங்கள் காலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வீட்டிலிருந்தே வேலை. பிடிக்காவிட்டால் கொழும்பில் மாமி வீட்டு மாடியறையும், மாமி பார்த்து வைத்திருக்கும் வேறு ஒரு வேலையும். மாமியின் மாடியறைக்கு ஜன்னல் இல்லை. மாமியின் கதைக்கு முடிவு இல்லை.

கார்டைக் கொம்பியூட்டரில் பூட்டி, வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைத்து, வீடியோவின் முதல் படத்தை ஓடவிட்டபோது ஹோட்டலின் வெள்ளைச் சுவரில் பச்சையும் சிவப்புமாகப் புள்ளிகள் விழுந்தன. சின்னம்மை போட்டது போல. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். வோல்ட்டேஜில் செய்த எல்லா மாற்றத்தையும் எடுத்துவிட்டு, கார்டு வந்தபடியே ஓட்டினேன். அப்போதும் புள்ளி. அடுத்ததாக வீட்டுக் கரண்டைச் சந்தேகப்பட்டேன். பிறகு அம்மாவின் கிரைண்டரை.

"உன்ர பெட்டிக்காக நாங்கள் சம்பலில்லாமச் சாப்பிடுறதோ?" என்றார் அம்மா.

"கொஞ்ச நேரம் போடாதேங்கோ அம்மா. பாக்கிறதுக்குத்தான்."

கிரைண்டர் ஓய்ந்தும் புள்ளி ஓயவில்லை. அம்மா பிறகு முன்னையதைவிடக் கூடுதல் நேரம் அரைத்தார்.

அதன் பிறகுதான் அந்தச் சொஃப்ட்வெயாரின் ஜன்னலை ஆறுதலாகப் பார்த்தேன். இதே கார்டை வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர் போட்ட படங்களில் வோல்ட்டேஜ் கோடு வலப்பக்கம் வரை போகிறது. என்னுடையது பாதியிலேயே முட்டி நிற்கிறது. கார்டின் மெமரியோ தயாரித்தவர்கள் சொன்னதைவிட வேகமாக ஓடுகிறது. நான் அதைத் தொடவேயில்லை. அப்படியென்றால் எனக்கு முதல் யாரோ தொட்டிருக்கிறார். மேலோட்டமாக இல்லை. கார்டுக்குள்ளேயே இருக்கும் பயோஸ் என்ற அடிப்படை நிரலை அழித்து, வேறு ஒரு கார்டின் பயோஸை ஏற்றியிருக்கிறார். நாணயம் தோண்டுகிறவர்கள் செய்கிற வேலை.

இந்த வகைக் கார்டில் இரண்டு பயோஸ் இருக்குமாம். ஒன்று கெட்டால் மற்றதுக்கு மாற, விளிம்பில் அரிசியளவு சுவிட்ச் ஒன்றும் இருக்குமாம். கார்டைக் கழற்றி மேசை விளக்கின் கீழே பிடித்தேன். சுவிட்ச் இருக்க வேண்டிய இடத்தில் நானாவின் வெள்ளி ஸ்டிக்கர் இருந்தது. விரலால் தடவினேன். அடியில் ஒரு சின்னப் புடைப்பு.

ஸ்டிக்கரை எல்லாக் கடையிலும் ஸ்குரூவின் மேல்தான் ஒட்டுவார்கள். கழற்றினால் தெரியட்டும் என்று. இவர் ஏன் சுவிட்சின் மேல் ஒட்டினார்? ஸ்டிக்கரோடு சேர்த்து நகத்தால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. கிழித்தால் திருத்தலாம், ஆனால் திருப்பிக் கொடுக்க ஏலாது. கிழிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஆனால் திங்களுக்கு அனுப்ப ஒன்றும் இருக்காது. அவர் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தது திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. அவ்வளவு தேய்க்கத் தேவையில்லை.

சனிக்கிழமை மத்தியானம் கார்டைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். அதற்கு முதல் அந்தச் சொஃப்ட்வெயாரை அழித்துவிட்டேன். அது செய்த மாற்றம் எதுவும் கார்டில் தங்காது, என் கொம்பியூட்டரில்தான் இருக்கும் என்று நன்றாகத் தெரியும். தெரிந்தும் அழித்தேன்.

நானா கார்டை வாங்கி முதலில் மூக்கருகே வைத்துக் கருகல் வாசம் இருக்கிறதா என்று மணந்து பார்த்தார்.

"கூட்டினீங்களா?"

"இல்லை."

"குறைச்சீங்களா?"

"நானா, இந்த ஸ்டிக்கருக்குக் கீழ ஒரு சுவிட்ச் கிடக்கு. நீங்களே உரிச்சு, அந்தப் பக்கம் தட்டிவிடுங்கோ. நான் தொட மாட்டன்."

அவர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவிட்சா?"

"ஏன் ஸ்குரூவில ஒட்டேல்ல?"

"ஸ்குரூ சூடேறினாப் பசை இளகிக் கழண்டிடும். பிறகு தானாக் கழண்டது எண்டுவீங்க. நாங்க பாக்காத கதையா?"

நம்பும்படியான பதில். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அவரின் கண்ணாடி அலுமாரியில் இருந்த மற்றக் கார்டுகளை எட்டிப் பார்த்தேன். சிலதில் ஸ்டிக்கர் விளிம்பில், சிலதில் ஸ்குரூவில். மிச்சம் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தன.

நானா நகத்தால் ஸ்டிக்கரை உரித்தார். சுவிட்சைக் கண்டதும் புருவத்தை உயர்த்தினார். கொஞ்சம் கூடுதலாக உயர்த்தினார் என்று பட்டது. மறுபக்கம் தட்டி, கடைக் கொம்பியூட்டரில் பூட்டி, நான் பென் டிரைவில் கொண்டுபோன ஹோட்டல் படத்தை ஓடவிட்டோம். சுவர் வெள்ளையாக வந்தது. புள்ளி இல்லை.

"வேற கார்டின்ர பயோஸ் இதில ஏத்திக் கிடக்கு நானா. கல்யாண வீடியோப் பொடியனுக்கு என்னத்துக்கு அது?"

"ஒரு கிழமையா உங்கட வீட்டிலதானே கிடந்தது தங்கச்சி. நீங்க படிச்ச புள்ள. இதெல்லாம் ஏத்தத் தெரிஞ்சவ நீங்க. எனக்குச் சுவிட்ச் கிடக்கிறதே தெரியாது."

ஸ்டிக்கரைக் கிழிக்காமலே பயோஸை ஏற்ற ஏலும் என்பதும் உண்மை.

"சரி, விடுங்க. திருப்பித் தாறீங்களா? இப்பவே எடுத்துக்கிறன், கேள்வியில்லாம," என்றார்.

இவ்வளவு சுருக்காகச் சம்மதிக்கிறாரே. நல்ல கார்டு என்று இப்போதுதான் அவருக்கும் தெரிந்ததோ? பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. "தொழுதிட்டு வாறன். அதுக்குள்ள யோசிங்க. ஆரும் வந்தா இருக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டுக் கடையை என்னிடமே விட்டுப் போனார். அலுமாரியைப் பூட்டவும் இல்லை. என்னை நம்பினாரா, நம்புகிறவர் போல் காட்டினாரா தெரியாது. கதிரையை அலுமாரிக்கு எட்டத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

கார்டு சொந்த பயோஸில் நன்றாக ஓடினாலும் காற்றாடி அலறியது. கடையிலேயே இப்படியென்றால் என் அறையில் சூடு தாங்காமல் நின்றுவிடும். அவருடைய கொம்பியூட்டரில் அந்தச் சொஃப்ட்வெயாரை இறக்கி, கோட்டை மெல்ல மெல்லக் கீழே கொண்டுவந்தேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு படம். புள்ளி வரும் வரை இறக்கி, ஒரு படி மேலே ஏற்றி நிறுத்தினேன். அலறல் அடங்கிக் கடைக்கு வெளியே போகும் முச்சக்கர வண்டிச் சத்தம் கேட்கத் தொடங்கியது.

நானா வந்து வாசலில் நின்று காது கொடுத்தார். "நிப்பாட்டிட்டீங்களா?"

"இல்லை. ஓடுது."

திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கை வச்சீங்க."

"ஓம். குறைச்சனான்."

கார்டின் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். சூடு தாங்காமல் கையை எடுத்துவிடுவார் என்று பார்த்தேன். எடுக்கவில்லை.

"கொண்டு போறதெண்டா கொண்டு போங்க. ஸ்டிக்கர் இல்ல, வாரண்டி இல்ல. இனி நீங்க ஆரோ நான் ஆரோ. விளங்குதா?"

"விளங்குது நானா."

துவாயில் சுற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக் கொம்பியூட்டரில் சொஃப்ட்வெயாரைத் திரும்ப இறக்கி, கோட்டைக் கடையில் நிறுத்திய அதே இடத்தில் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கார்டு ஓடியது. அம்மா அன்று, நான் கேட்காமலே, அம்மியில் அரைத்தார். முடிந்த படங்களை ஒவ்வொன்றாகப் பெருப்பித்துச் சுவர், தரை, கூரை என்று புள்ளி தேடினேன். ஒரு தூணில் சிவப்பாய் ஒன்று கிடைத்தது. கிட்டப் போய்ப் பார்த்தால், நானே மூலையில் வைத்த செவ்வரத்தம்பூ பளிங்கில் தெரிகிறது. அப்போதும் பூவை எடுத்துவிட்டு அந்தப் படத்தை மட்டும் இன்னொருமுறை ஓட்டிப் பார்த்தேன். தூண் சுத்தமாக வந்தது. பூவைத் திரும்ப வைத்தேன்.

திங்கள் காலை அனுப்பினேன். மத்தியானம் கொம்பனியிடமிருந்து பதில் வந்தது. நன்றாக இருக்கிறது என்றோ வேலை உனக்குத்தான் என்றோ ஒரு சொல்லும் இல்லை. அடுத்த கட்டிடத்துக்கான கோப்பை மட்டும் இணைத்து, எப்போது முடியும் என்று கேட்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்று குசினியிலிருந்து அம்மா கேட்டார்.

"பொறுங்கோ," என்றேன். கோப்பைத் திறக்க முதல், அதில் வைரஸ் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.