நாற்றமில்லாத சந்தின் ஆவுடையக்கா

எங்கள் சந்தில் நாற்றமே இல்லை என்று ஒரு அரசாங்க அதிகாரி எழுதிவிட்டுப் போனான். வருஷம் பத்துக்கு மேல் ஆகிறது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. செம்பூரில் கெமிக்கல் கம்பெனி மதிலை ஒட்டித்தான் எங்கள் சந்து. சாயங்காலம் கம்பெனிக்காரன் கேஸைத் திறந்துவிட்டான் என்றால் கண் எரியும், சோறு இறங்காது. பக்கத்துச் சந்துக்காரர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈடு கொடுத்தது. எங்களுக்குக் கிடையாது.

அந்த ஆளை மட்டும் சொல்லியும் குற்றமில்லை. அதிகாரி பார்க்க வருகிறார் என்றதும் எங்கள் பெண்கள் வீட்டைக் கழுவி, கோலம் போட்டு, வாசலுக்கு வாசல் சாம்பிராணியும் போட்டுவிட்டார்கள். வீடு தேடி வருகிறவன் மூக்கைப் பொத்தினால் நமக்குத்தானே கேவலம்! அவன் நன்றாக மூச்சை இழுத்தான். கோயில் மாதிரி மணக்கிறதே என்று இந்தியில் சொல்லிச் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டான்.

அதை அப்படியே விடாதவள் பக்கத்து வீட்டு ஆவுடையக்கா. மாட்டுங்காவில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. குட்டையான உடம்பு, சந்து முழுக்கக் கேட்கும் குரல். நெஞ்சு கெட்டுப்போய், மருந்துப் பம்ப்பை வாயில் அடித்துக்கொண்டுதான் மூச்சே விடுவாள். அந்த மூச்சோடு கோர்ட் படி ஏறினாள். ஆட்டோ ஓட்டுகிற நான்தான் கூட்டிப் போவேன், கூட்டி வருவேன். கடைசியில் சந்தை மறுபடி பார்க்கச் சொல்லி உத்தரவு வந்தது.

போன வருஷம் ஒரு கமிட்டி வந்தது. அன்று காலையிலேயே எதிர்வீட்டு முத்துமாரி வாளியும் கையுமாக நின்றாள்.

"ஏட்டி முத்துமாரி, என்ன பண்ணுத?"

"பெரிய ஆளுக வாராகள்லா அக்கா. வாசலையாவது தெளிக்கேன்."

"தெளிச்சுக்கோ. சாம்பிராணித் தட்டை மட்டும் எடுத்தே, உன்னையும் சேத்துப் பொகச்சிருவேன் பாத்துக்கோ."

சந்தே சிரித்தது. கமிட்டி வந்தது மத்தியானம். அந்த நேரம் காற்றில் ஒரு நாற்றமும் இல்லை. தலைவியாக வந்த அம்மாள் கிளம்பப் பார்த்தார். அக்கா குறுக்கே போய் நின்றாள். தன் ஓட்டை இந்தியில் சொன்னாள்: "போன தடவை வந்தவருக்கு நாங்கதான் புகை போட்டோம். அது எங்க தப்பு, மறைக்க மாட்டேன். இன்னைக்கு ஒண்ணும் போடல. பொழுது அடையுற வரைக்கும் இருங்க. பிறகு என்ன வேணாலும் எழுதுங்க."

காரியத்தைக் கெடுத்தாளே என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் அந்த அம்மாள் உட்கார்ந்துவிட்டார். விளக்கு வைக்கும் நேரத்தில் கம்பெனிக்காரன் கேஸைத் திறந்துவிட்டான். கமிட்டி மொத்தமும் கைக்குட்டையைத் தேடியது. அக்கா இருமி இருமி முகம் சிவந்தாள், உட்காரவில்லை. அப்படி ஒருத்தி எங்கள் சந்தில் இருந்தாள் என்று நான் எந்த ரயில் ஸ்டேஷன் வாசலிலும் சத்தமாகச் சொல்வேன்.

நஷ்டஈடு உண்டு என்று ஆணை வந்தபோது அக்கா, தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே நோயாளியாகப் படுத்திருந்தாள். மேடை கட்டி, போட்டோ பிடித்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுக்கப்போகிறார்களாம் என்று சொன்னேன். முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கை இழுத்தாள்.

"என்னல, தர்மமா போடுதான்? நம்ம நெஞ்சைக் கெடுத்ததுக்குத் தாரது அது."

"பேசாத அக்கா, மூச்சு வாங்குது."

"வாங்கட்டும், நீ கேளு."

அவள் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்: "மேடைல ஏறிக் கும்பிட்டுக்கிட்டு நிக்காத. எம்மவ மாரிசெல்வியையும் நிக்க விடாத. ரெண்டு பேரும் ஆபீசுக்குப் போங்க. நாற்காலி போடச் சொல்லி, உக்காந்து வாங்குங்க."