நான் செருகிய பழைய கேபிள்கள்

என் மருமகனின் கணினியை எரித்தவன் நான். எரித்துவிட்டு, பழியை அவர்மேல் போட்டேன்.

புலம்பெயர்ந்து வந்து, அப்போது நோர்பரியில் மகள் குடும்பத்தோடு இருந்தேன். மருமகன் அங்குள்ள தமிழ்ச் சனத்தின் கல்யாணம், பெண்பிள்ளைகள் வயதுக்கு வரும் சாமத்தியவீடு என்று வீடியோ எடுத்து, மாடியறைக் கணினியில் தொகுத்துக் கொடுத்துப் பிழைத்தார். பாகம் பாகமாக வாங்கித் தானே பூட்டிய கணினி அது. அதற்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை இரையத் தொடங்கியதால் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை கமெராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணம் ஒன்றுக்குப் புறப்பட்டார்.

"வந்து நான் மாத்திறன் மாமா, நீங்கள் மினக்கெடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் மின்பொறியியல் படித்தவன். மினக்கெட்டேன்.

பழைய பவர் சப்ளையைக் கழற்றியபோது, அதன் கேபிள்கள் மதர்போர்டின் பின்பக்கமாக ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தன. மதர்போர்டுக்குப் போகும் தடித்த கேபிள், புரொசெசருக்குப் போவது, ஹார்ட் டிஸ்குகளுக்குப் போவது எல்லாம். அந்தக் கட்டுகளை அவிழ்க்கப் பஞ்சிப்பட்டேன், சோம்பல்தான். புதிய கேபிள்களைப் பையிலேயே விட்டுவிட்டு, பழையவற்றின் மறுமுனைகளைப் புதிய பவர் சப்ளையில் செருகினேன். இறுக்கமாகப் பொருந்தின. சுவிட்சைப் போட்டேன். மெல்லிய வெடிப்புச் சத்தம் ஒன்று. பிறகு கருகல் மணம்.

மதர்போர்டுப் பக்கத்து முனைகள் எங்கும் ஒன்றுதான். பவர் சப்ளைப் பக்கத்தில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பதைக் கம்பனிக்குக் கம்பனி மாற்றி வைக்கிறார்கள். பெட்டியோடு வந்த தாளிலேயே அது எழுதியிருந்தது. எரிந்த பிறகுதான் வாசித்தேன்.

ஜன்னலைத் திறந்துவிட்டேன். பழைய கேபிள்களை உருவிக் குப்பையில் போட்டு, புதியவற்றைப் பூட்டி மூடினேன். மருமகன் வந்ததும் நானே முந்திக்கொண்டேன்.

"கேபிள் எல்லாம் புதுசு போட்டனான் தம்பி. உயிர் வரேல்லை. போன கிழமை நீர் புரொசெசரைக் கழட்டித் துடைச்சீர் எல்லே? அதில ஏதும் ஷோர்ட் ஆகியிருக்கும்."

அவர் தன் கைகளைப் பார்த்தார். "கவனமாத்தானே மாமா பூட்டினனான்."

மகள் வாசலில் நின்றாள். "அப்பா கம்பஸில படிச்ச எஞ்சினியர். நீங்கள் வீடியோ பார்த்துப் படிச்ச எஞ்சினியர். ஆர் உங்களைக் கழட்டச் சொன்னது?"

நான் கீழே இறங்கித் தேநீர் போட்டேன்.

ஹார்ட் டிஸ்க் இரண்டும் செத்துவிட்டன. கோலியர்ஸ் வுட்டில் ஒரு வீட்டுப் பெண்பிள்ளையின் சாமத்தியவீட்டு வீடியோவை இரண்டிலும் பிரதி எடுத்து வைத்திருந்தார். கமெராவின் கார்டுகளை அன்றைய கல்யாணத்துக்காக அழித்திருந்தார். அந்தச் சடங்கை மறுபடி நடத்தி எடுக்க முடியுமா? பிள்ளையின் தகப்பன் ஒரு கல்யாண மண்டபத்தில் பலர் முன்னிலையில் அவரை ஏசினார். அதன் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை. கமெராவை விற்றுவிட்டு ஒரு கிடங்கில் ஷிப்ட் வேலைக்குப் போனார். வீட்டில் அவர் குரல் குறைந்துகொண்டே வந்தது.

வெகு காலம் கழித்து, ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேசையில் இருவரிடமும் சொன்னேன். மகள் எழுந்து போய்விட்டாள். மருமகன் பிளேட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அண்டைக்கே சொல்லியிருந்தால் அந்தச் சனத்துக்கு நான் ஒரு பதில் சொல்லியிருப்பன் மாமா. இப்ப ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?"

நானே போனேன். பிள்ளையின் தகப்பன் என்னை உள்ளே அழைத்து இருத்தி, நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"ஐயா, நீங்கள் படிச்ச மனுசன். உங்களுக்குக் கேபிள் பூட்டத் தெரியாதோ? மருமகனுக்காகப் பழியை நீங்கள் எடுக்கிறியள். அவருக்குத்தான் வெக்கமில்லை, இந்த வயசில உங்களை அனுப்பிப் பொய் சொல்ல வைக்கிறார்."

இல்லை, உண்மை என்று எவ்வளவோ சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் பார்வையில் என்மீது மரியாதைதான் கூடியது. வாசல்வரை வந்து, கையைப் பிடித்து வழியனுப்பினார்.

மாமனை அனுப்பி மன்னிப்புக் கேட்கிறவன் என்ற கதை கிடங்குவரை போய்விட்டது. வேலை முடிந்து வந்த மருமகன் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் என் அறை வாசலில் நின்றார்.

"மாமா, இனி எனக்காக ஒண்டும் செய்யாதேங்கோ" என்றார்.

இப்போது பக்கத்து ஊரான சட்டனில் தனி அறையில் இருக்கிறேன். மகள் சாப்பாடு கொண்டு வருவாள். அவர் காரில் இருப்பார், இறங்குவதில்லை.