பொறுப்புக் கையெழுத்து

என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் இடது மூலையில் ஒரு துருக் கறை இருக்கிறது. ஜெம் கிளிப்பின் வடிவம் வளைவு மாறாமல் அப்படியே பதிந்திருக்கும். ரப்பர் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், பிளேடால் சுரண்டியும் பார்த்தேன். தாள் மெலிந்ததே தவிர கறை போகவில்லை. பெங்களூரில் நான் வேலை மாறிய ஒவ்வொரு முறையும், சான்றிதழ் சரிபார்க்கிறவர்கள் அந்த மூலையைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார்கள். தண்ணீர் பட்டுவிட்டது என்பேன். அது பொய்யில்லை. கள்ளக்குறிச்சிக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில், பச்சை நிற இரும்பு பீரோவுக்குள், அந்தத் தாள் இரண்டு மழைக்காலம் கிடந்தது. கூரை ஒழுகும் அறை அது.

படித்த பிள்ளைகள் ஏன் ஊரில் நிற்பதில்லை என்று இங்கே தமிழர்கள் கூடும் இடங்களில் அடிக்கடி பேச்சு வரும். சம்பளம் என்பார் ஒருவர், வசதி என்பார் இன்னொருவர். நானும் தலையாட்டுவேன். கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆவதற்குப் பல வருடங்களுக்கு முன்பு, கம்ப்யூட்டர் படித்துவிட்டு அந்த ஊரில் வேலை தேடியவளுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. ஜவுளிக்கடை பில் கவுண்டர், மெட்ரிக் பள்ளி, இந்தக் கல்லூரி. மூன்றிலும் கொஞ்சம் கௌரவமானது கல்லூரி என்று சேர்ந்தேன். ஆனால் அங்கிருந்து கிளம்பியதை நினைத்தால் எனக்குச் சம்பளம் ஞாபகம் வருவதில்லை. ஒரு சாவி திரும்புகிற சத்தம்தான் வருகிறது.

அங்கே சேருகிற ஆசிரியர்கள் முதல் நாளே ஒரிஜினல் சான்றிதழ்களை எல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரை, சாதிச் சான்றிதழ் உட்பட, துணி ஒட்டிய பழுப்புக் கவரில் போட்டு மேலே பெயரெழுதி மேனேஜரிடம் தர வேண்டும். வருடத்தின் நடுவில் யாரும் ஓடிவிடக் கூடாதே, அதற்கு. இதை யாரும் விபரீதமாக நினைக்கவில்லை. ரிஷிவந்தியத்தில் கரும்பு வைத்துக்கொண்டிருந்த என் அப்பா சந்தோஷமே பட்டார். "நம்ம வூட்ல இருந்தா எலி கடிச்சிடும். அங்க பீரோவுலதான இருக்கப்போவுது, இருக்கட்டும்மா" என்றார்.

மேனேஜர் தாளாளருக்கு உறவுக்காரர். சலவை வெள்ளைச் சட்டை போட்டிருப்பார், குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. "நாம எல்லாம் ஒரே குடும்பம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே என் கவரை உள்ளே வைத்து, சாவியை இரண்டு முறை திருப்பி, கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். அவர் சிரிக்கும்போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று அப்போது புரியவில்லை.

ஒரிஜினலை வெளியே எடுப்பதற்கும் ஒரு வழி இருந்தது. பீரோவின் மேல்தட்டில் ஒரு நீள நோட்டு. எதற்காக எடுக்கிறோம், எப்போது திருப்பித் தருவோம் என்று எழுதி, கூட வேலை செய்கிற ஒருவரைப் பொறுப்புக் கையெழுத்துப் போட வைக்க வேண்டும். எடுத்தவர் திரும்பி வந்து கணக்கை முடிக்கும்வரை, கையெழுத்துப் போட்டவரின் கவரும் வெளியே வராது. ஒருவர் காலை இன்னொருவர் காலோடு கட்டிவைக்கிற ஏற்பாடு. எங்களுக்கு நாங்களே காவல்.

எனக்குக் கையெழுத்துப் போட்டவர் இயற்பியல் மேடம்.

அவர் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரைச் சேர்ந்தவர். அந்த ஊரில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் ஆள். கீழே கச்சிராயபாளையத்தில் ஓர் அறை எடுத்து, பள்ளியில் படிக்கும் தம்பியோடு தங்கியிருந்தார். சனிக்கிழமை மதிய பஸ்ஸில் மலையேறிவிட்டுத் திங்கட்கிழமை காலையில் நேராக வகுப்புக்கு வருவார். சாக்பீஸைக் காகிதத்தில் சுற்றிப் பிடிப்பார், சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வார். மாணவர்களின் ரெக்கார்டு நோட்டைத் திருத்தும்போது தப்புக்குப் பக்கத்தில் சரியானதை முழுசாக எழுதிக் கொடுப்பார். அந்தச் சம்பளத்துக்கு இவ்வளவு செய்கிறாரே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். அங்கே எனக்கு இருந்த ஒரே சிநேகிதி அவர்தான்.

ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மலைப்பாதையின் நாலாவது வளைவிலேயே நான் ஜன்னல் வழியாக வாந்தி எடுத்துவிட்டேன். அவர் முதுகைத் தடவிக்கொண்டே சிரித்தார். அவர்கள் வீட்டில் சாமைச் சோறு போட்டார்கள். சாயங்காலம் காட்டின் ஓரத்தில் ஒரு பாறைக்குக் கூட்டிப்போனார். கீழே சமவெளி முழுக்க விரிந்து கிடந்தது.

"அதோ வெள்ளையாத் தெரியுது பாருங்க, அதான் நம்ம காலேஜி" என்றார். பிறகு ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி அதை மறைத்தார். "இங்கருந்து பாத்தா ஒரு வெரலுக்குள்ள அடங்கிப்போவுது. கீழ போனாத்தான் நம்மள அடக்கிடுது."

அன்றைக்குத்தான் என்னிடம் அந்த ரகசியத்தையும் சொன்னார். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வு எழுதியிருக்கிறார், நன்றாகவே எழுதியிருக்கிறார். "யாராண்டயும் சொல்லல மேடம். இது மட்டும் வந்து, வெள்ளிமல ஸ்கூல்லயே போட்டுட்டாங்கன்னா எனக்கு வேற இன்னா வேணும்?" எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் எங்கேயாவது ஓடிப்போக வழி தேடிக்கொண்டிருந்தோம். அவர் ஒருவர்தான் ஊருக்குத் திரும்ப வழி தேடினார்.

இரண்டு மாதம் கழித்துப் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. வேலை உறுதி, திங்கட்கிழமை ஒரிஜினலோடு வந்து சேர வேண்டும். முறைப்படி விலகுவதாக இருந்தால் வருடக் கடைசிவரை விடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். மேனேஜரிடம் போய், விழுப்புரம் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டத்தைப் பதிய வேண்டும், எல்லா ஒரிஜினலும் கேட்கிறார்கள் என்றேன். எல்லோரும் செய்கிற காரியம், சந்தேகம் வராது. அவர் நோட்டைத் திறந்து என் பக்கமாகத் திருப்பிவைத்தார். "யாரு மேடம் பொறுப்பு?"

இயற்பியல் மேடத்தை ஆய்வகத்திலிருந்து கூட்டிவந்தேன். கையில் சாக்பீஸ் தூள். புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். எழுதுவதற்கு முன் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துடுவீங்க இல்ல மேடம்?"

"நாளைக்குச் சாயங்காலமே வந்துடுவேன்."

கையெழுத்துப் போட்டார். மேனேஜர் அதன்மேல் மைஒற்றியை வைத்து அழுத்தினார், என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன். இந்த மாதிரிப் பொய்யை அவர் பார்க்காத வருடம் இருந்திருக்காது. நான் ஓடினால் இன்னொருத்தி அசையாமல் இருப்பாள் என்பதுதான் அவருடைய கணக்கு.

மறுநாள் காலை எட்டு மணி பஸ்ஸில், கவரை மடியில் அணைத்துக்கொண்டு திருவண்ணாமலை வழியாகப் பெங்களூர் போனேன். செங்கம் தாண்டும்வரை கவரைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தபோதுதான் இந்தத் துருக் கறையைக் கண்டேன். அந்த மேடத்தைப் பற்றி நான் நினைக்காமல் இல்லை. அரசுத் தேர்வு முடிவு வர ஒரு வருடமாவது ஆகும், அதற்குள் ஒரு லீவு போட்டு வந்து கணக்கை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததால் பஸ்ஸில் நன்றாகத் தூங்கவும் முடிந்தது.

ஐந்தாவது வாரம் அவரிடமிருந்து கைப்பேசியில் தகவல் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். "மேடம், செலக்சன் ஆயிடுச்சு. பதினஞ்சாம் தேதி விழுப்புரத்துல ஒரிஜினல் பாக்கறாங்க. கவர் குடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரே ஒரு நாள் வந்து நோட்ட முடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

ஒரே ஒரு நாள். ஆனால் போனால் என் கவரைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம். புது வேலை, ஆறு மாதம் லீவு கிடையாது. நாளைக்குப் பதில் போடலாம் என்று வைத்தேன். மறுநாள் மூன்று முறை அழைப்பு வந்தது. கைப்பேசி மேஜைமேல் அதிர்ந்து அதிர்ந்து விளிம்பை நோக்கி நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அன்று மாலை வேறு சிம் வாங்கினேன். புது நம்பரைக் கல்லூரியிலிருந்து யார் கேட்டாலும் தரக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவைத்தேன்.

பன்னிரண்டாம் தேதி அப்பா பேசினார். "ஒரு மேடம் வந்துச்சும்மா, மலப்பக்கமாம். பஸ்சு மாறி மாறி வெயில்லயே வந்திருக்குது, மொகமெல்லாம் வாடிப்போச்சு. தண்ணி மட்டும் குடிச்சிச்சு. உன் நம்பரு கேட்டுச்சு. நீ சொன்ன மாரியே தெரியாதுன்னுட்டேன்." பிறகு கேட்டார். "ஒரு பை நெறைய சீத்தாப்பழம் வச்சிட்டுப் போச்சும்மா. நான் சொன்னது சரிதான?"

சரிதான் என்றேன்.

பதினைந்தாம் தேதி வழக்கம்போல அலுவலகம் போனேன். மதியம் கேண்டீனில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டேன். இப்போது விழுப்புரத்தில் அந்த வரிசை நகர்ந்துகொண்டிருக்கும் என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. சாப்பாடு இறங்கியதும் ஞாபகம் இருக்கிறது. அதுதான் என்னை இன்றுவரை பயமுறுத்துகிறது.

போன வருடம் அப்பா இறந்த பிறகு, வாரிசுச் சான்றிதழ் வேலையாகக் கள்ளக்குறிச்சி போக வேண்டியிருந்தது. இப்போது அது மாவட்டத் தலைநகர். புதுப்புது பெயர்ப்பலகைகள். ஆனால் பஸ் நிலையத்தில் பெங்களூர், சென்னை, கோயம்புத்தூர் வண்டிகள் நிற்கிற இடத்தில், மடியில் கவரை வைத்துக்கொண்டு அதே வயதுப் பிள்ளைகள். கச்சிராயபாளையம் பஸ் நிற்குமிடத்தில் இயற்பியல் மேடம் நின்றிருந்தார். முன்நெற்றி முடி நரைத்திருந்தது. நான் திரும்பிப் போயிருக்கலாம். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா மேடம்? அப்பா தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

நானாகவே அந்தப் பேச்சை எடுத்தேன், மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அவரே சொன்னார். "தேதி முடிஞ்சி அடுத்த வாரம் மேனேஜரே கூப்ட்டு என் கவர குடுத்தாரு மேடம். 'இப்ப வேணும்னா எடுத்துக்கினு போங்க'ன்னாரு. எங்க எடுத்துக்கினு போறது? தம்பி படிச்சிக்கினு இருந்தான். நானே திரும்ப அவராண்ட குடுத்துட்டேன்." அதற்குப் பிறகு தேர்வு எழுதவில்லையா என்று கேட்டேன். மனசு வரவில்லை என்றார். சிரித்தபோது வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையோடு ஒரு சாவி கோர்த்திருப்பதைக் கவனித்தேன். தலை தட்டையான, நீளமான சாவி. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"மேனேஜர் ரிட்டயர் ஆயிட்டாரு. பீரோ இப்ப எங்கிட்டதான் இருக்குது." சாவியை அட்டைக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டார். "போன வாரம் ஒரு பொண்ணு வந்து பாஸ்போர்ட்டுக்கு ஒரிஜினல் வேணும்னு கேட்டுச்சு. எல்லாத்தையும் கேட்டுச்சு. பாஸ்போர்ட்டுக்கு எதுக்கு எல்லாம்? பெங்களூருல வேல கெடச்சிருக்கும். உங்கள மாரியே சிரிச்சிச்சு."

"குடுத்துட்டீங்களா?"

"எப்டி குடுக்கறது? யாரும் பொறுப்புக் கையெழுத்துப் போட மாட்டேங்கறாங்க மேடம். பல வருசமா யாரும் போடறதில்ல." பஸ் வந்து நின்றது. படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினார். குரலை உயர்த்தவே இல்லை. "அந்தப் பொண்ண கம்பெனில வரச்சொன்ன தேதி வர்ற திங்கக்கெழமயா இருக்கும். நீங்க வந்து போடறீங்களா?"

வெளியாள் கையெழுத்துச் செல்லாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டு அவர் பதிலுக்காகக் காத்திருந்தார். நான் கூடவே போய், அந்தப் பீரோவைத் திறக்கச் சொல்லி நின்றிருக்கலாம். சண்டை போட்டிருக்கலாம். எனக்குப் பெங்களூர் பஸ் மூன்று மணிக்கு. கண்டக்டர் விசில் ஊதினார். அவர் தலையை லேசாக ஆட்டிவிட்டு உள்ளே ஏறிப்போனார்.

நேற்று எதற்கோ என் மதிப்பெண் பட்டியலை எடுத்தேன். அந்தத் திங்கட்கிழமை எப்போதோ போய்விட்டது, இடையில் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. இடது மூலையில் கட்டைவிரலை வைத்தேன். விரலுக்குள் கறை முழுதும் அடங்கிவிட்டது. விரலை எடுத்தேன், அங்கேயே இருந்தது. பாஸ்போர்ட்டுக்கு என்று கேட்ட அந்தப் பெண்ணின் தாளிலும் இந்நேரம் கிளிப் பதிந்திருக்கும்.